ஈ.பி. எட்டாத தோட்ட வீட்டுக்கு சோலார்: புதிதாகக் குடியேறுவோருக்கு

தோட்டத்தில் சின்னதாக வீடு கட்டி, சோலாரை மட்டும் நம்பிக் குடிபோக நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எத்தனை பேனல் போடணும்?" என்பதுதான். அது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வர வேண்டிய கேள்வி. நான்கு நாள் விடாமல் மழை மூடிக்கொண்டால் வீட்டில் எது எது ஓடியே ஆக வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பங்குனி வெயிலில் யார் போட்டுக் கொடுத்த சிஸ்டமும் ஓடும். மதியம் 12 மணிக்கே பேட்டரி நிறைந்து, மிச்சக் கரண்ட்டை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். 'ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை' என்று வானம் இறங்கும்போது ராத்திரி 2 மணிக்கு அதே வீடு இருண்டு கிடக்கும். அதனால் கீழே வரும் கணக்கெல்லாம் மழை மாதத்தை வைத்துப் போட்டது.

முதலில், இது உங்களுக்கு வேண்டுமா?

வேலியோரத்திலேயே ஈ.பி. கம்பம் நிற்கிறது என்றால் பேசாமல் கனெக்‌ஷன் வாங்கிவிடுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் ஆகும் யூனிட்டும் சின்னக் குடும்பத்தின் அளவில், பேட்டரியில் போட்டு எடுக்கும் யூனிட்டைவிட மலிவு. சோலார் ஆசை இருந்தால் ஈ.பி.யோடு இணைத்தே போட்டுக்கொள்ளலாம். 2024இல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 என்று மானியம் கிடைக்கிறது. ஆனால் அது ஈ.பி. இணைப்போடு சேர்ந்த சோலாருக்குத்தான். தனித்து நிற்கும் வீட்டுக்கு அதில் பைசா வராது. பேட்டரி வைத்த தனி சிஸ்டத்தை "மானியத்தோடு" விற்க வருபவரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள்.

மானியம் இல்லாததில் ஒரு லாபமும் உண்டு. மானியத் திட்டத்துக்கு உள்நாட்டு செல்லில் செய்த பேனல் கட்டாயம், கடைக்காரர்கள் அதை டி.சி.ஆர். பேனல் என்பார்கள். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விலை குறைந்த நான்-டி.சி.ஆர். பேனலே போதும்.

யாருக்கு இது சரி? லைன் இழுக்கக் கம்பம் கம்பமாகப் பணம் கட்ட வேண்டிய தூரத்தில் இருப்பவர்களுக்கு. மலைக்காட்டு ஓரத்தில் இருப்பவர்களுக்கு. புயல் பாதையில் இருக்கும் கடலோரத்துக்காரர்களுக்கும் ஓரளவுக்குச் சரி. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவில் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. செல்போன் சார்ஜ் போட ஜெனரேட்டர்காரரிடம் வரிசையில் நின்றவர்களுக்குக் கூரையில் இரண்டு பேனல் இருந்தால் என்ன மதிப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

லோடு எழுதுவது

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது இருக்கும் வீட்டில் அறை அறையாகப் போய், பிளக்கில் செருகியிருக்கும் ஒவ்வொன்றின் வாட்டையும், ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதையும் எழுதுங்கள். வாட்டை மணியால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் யூனிட். இந்த ஒரு சாயங்கால வேலையைச் செய்யாமல் டீலரிடம் போனால், அவர் கடையில் இருக்கும் சிஸ்டம்தான் உங்கள் வீட்டுக்கு வரும்.

நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். 9 வாட் எல்.இ.டி. விளக்கு நான்கு, 5 மணி நேரம்: 180 வாட்-அவர். பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த கரண்ட்டில் ஓடும் புது வகை) இரண்டு, ஒவ்வொன்றும் 30 வாட், 12 மணி நேரம்: 720. ஒற்றைக் கதவு பிரிட்ஜ், 190 லிட்டர்: சுமார் 600. டி.வி. 3 மணி நேரம்: 150. இன்டர்நெட் ரூட்டர் நாள் முழுக்க: 240. போன், லேப்டாப்: 200. மிக்ஸி கால் மணி நேரம்: 150. கிரைண்டரும் துணி மெஷினும் தினமும் ஓடாது, சராசரியாக இரண்டும் சேர்த்து 170 என்று வைத்துக்கொள்ளலாம். அரை எச்.பி. மோட்டார் முக்கால் மணி நேரம்: 410. கூட்டினால் 2,820. அதாவது ஏறக்குறைய 2.8 யூனிட்.

இதோடு நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது. இன்வெர்ட்டர் சும்மா உட்கார்ந்திருக்கவே கரண்ட் தின்னும். 3 முதல் 5 கிலோவாட் இன்வெர்ட்டர்கள் எந்த லோடும் இல்லாமலே 30 முதல் 60 வாட் வரை எடுப்பது சாதாரணம். 40 வாட் என்று வைத்தாலும் 24 மணி நேரத்தில் 960 வாட்-அவர், உங்கள் பிரிட்ஜைவிட அதிகம்! வாங்கும்போது "நோ லோடு கன்சம்ப்ஷன் எவ்வளவு?" என்று கேளுங்கள். டேட்டா ஷீட்டில் இருக்கும். இதற்குப் பதில் தெரியாத விற்பனையாளர் தனி சிஸ்டம் அதிகம் போட்டதில்லை என்று நினைத்துக்கொள்ளலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் இன்வெர்ட்டரையே எடுத்துவிட்டு, 48 வோல்ட் டி.சி.யிலேயே, அதாவது பேனலும் பேட்டரியும் தரும் ஒரே திசைக் கரண்ட்டிலேயே, விளக்கும் ஃபேனும் ஓடும் அமைப்பை உருவாக்கி, ராஜஸ்தான் பாலைவனக் கிராமங்களில் ஆயிரக்கணக்கான வீடுகளில் பொருத்தினார்கள். இந்த வீண்செலவைத் தவிர்ப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. சந்தையில் எளிதாகக் கிடைக்கும் பொருளை வைத்து வீடு நடத்தும் நமக்கு இன்வெர்ட்டர் இல்லாமல் முடியாது. அளவுக்கு மீறிப் பெரிதாக வாங்காமல் இருக்கலாம்.

ஆக 3.8 யூனிட். பேட்டரி, வயர் நஷ்டமும் சேர்த்தால் 4 யூனிட் சொச்சம். இதுதான் நம் கணக்கின் அடிப்படை எண்.

இதைக் குறைப்பது பேனல் வாங்குவதைவிட லாபமான வேலை. பழைய ஃபேன் ஒன்று 75 வாட் எடுக்கும். மேலே சொன்ன இரண்டு ஃபேனும் பழையதாக இருந்தால் 720க்குப் பதில் 1,800. ஃபேன் மாற்றாமல் குடிபோகாதீர்கள். வீடு இன்னும் கட்டவில்லை என்றால் அங்கேயே மிச்சம் பிடிக்கலாம். எதிரெதிர் ஜன்னல், மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு வெள்ளை, தெற்கு மேற்கு வெயில் சுவரில் விழாமல் தாழ்வாரம். இத்தனை செய்தால் சித்திரையிலும் ஒரு ஃபேனில் தூங்கலாம்.

கீசர், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு, ஏ.சி. இவை நான்கும் தனி ஜாதி. கீசர் 2,000 வாட், இண்டக்‌ஷனும் கிட்டத்தட்ட அதே. சூடாக்கும் எதையும் ராத்திரி பேட்டரியில் ஓட்டுவதில்லை என்று வீட்டில் எல்லாரும் கூடி ஒரு சட்டம் போட்டுவிடுங்கள். குளிக்க வெந்நீருக்குக் கூரை மேல் சோலார் வாட்டர் ஹீட்டர் அல்லது விறகு பாய்லர். சமையலுக்குக் கேஸ். இஸ்திரி போடுவது காலை 11 மணிக்கு மேல். ஏ.சி. இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு இந்தக் கட்டுரையின் கணக்கு எதுவும் பொருந்தாது, மும்மடங்கு பட்ஜெட்டோடு தனியாகத் திட்டமிட வேண்டும்.

பேனல் எத்தனை, இப்போது சொல்லலாம்

தமிழ்நாட்டில் 1 கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் 4 யூனிட்டுக்குக் குறையாமல் தரும், சில மாதங்களில் கூடுதலாகவும் தரும். வருஷ சராசரியைப் பார்த்தால் நம் வீட்டுக்கு 1 கிலோவாட் போதும் போலத் தோன்றும். பலர் விழும் குழி இதுதான். வானம் கறுத்து மந்தாரமாக இருக்கும் நாளில் அதே 1 கிலோவாட் ஒரு யூனிட் தந்தால் பெரிது.

அதனால் நான் சொல்வது: பேனலைத் தாராளமாகப் போடுங்கள், பேட்டரியை அளவாக வையுங்கள். காரணம் விலைதான். பேனல் இப்போது சில்லறையில் வாட்டுக்கு 20 முதல் 30 ரூபாய்க்குள் கிடைக்கிறது, 25 வருஷம் உழைக்கும். பேட்டரி அதைவிடப் பல மடங்கு விலை, பாதிக் காலம்கூட வராது. நான்கு நாள் மழைக்கு நான்கு நாள் பேட்டரி வாங்கி வைத்தால் வருஷத்தில் 340 நாள் அது சும்மா கிடக்கும். அதே பணத்தில் கொஞ்சத்தைப் பேனலில் போட்டால் மந்தார வெளிச்சத்திலிருந்தே அன்றாடச் செலவைத் தேற்றிவிடலாம்.

540 வாட் பேனல் ஆறு போடுங்கள். மொத்தம் 3.24 கிலோவாட். கறுத்த நாளிலும் இரண்டரை யூனிட் அளவுக்கு வரும். அன்று வீட்டில் என்ன ஓடும்? மழைக் குளிரில் ஒரு ஃபேன் போதும். மோட்டாரும் துணி மெஷினும் டி.வி.யும் ஓய்வு. ரூட்டர் தேவைப்படும்போது மட்டும். இப்படிச் சுருக்கினால் விளக்கு, பிரிட்ஜ், மிக்ஸி, இன்வெர்ட்டர் தின்பது எல்லாம் சேர்ந்து இரண்டேகால் யூனிட்டில் அடங்கும். வரவும் செலவும் கிட்டத்தட்ட நேராகிவிடுகிறது. பேட்டரி முழுசாக அவசரத்துக்கு நிற்கிறது. அடைமழை ஒரு வாரம் நீடித்தாலும் வீடு ஓடும்.

எங்கே, எப்படி நிறுத்துவது

தெற்குப் பார்த்து, 10 முதல் 15 டிகிரி சாய்வு. நான் 15 பக்கம்தான் நிற்பேன். நவம்பர் முதல் ஜனவரி வரை சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது, நமக்குக் கரண்ட் பற்றாமல் போவதும் அப்போதுதான். வெயில் காலத்தில் கொஞ்சம் இழந்தால் பரவாயில்லை. 10க்குக் கீழே சாய்வு வைத்தால் மழைத் தண்ணீர் தூசியைக் கழுவிக்கொண்டு போகாது, கீழ் விளிம்பில் சேறு தங்கும்.

நிழல் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். தோட்டம் என்றால் தென்னை இருக்கும். மே, ஜூனில் வந்து பார்க்கும் எலக்ட்ரீஷியனுக்கு நிழல் எதுவும் தெரியாது, ஏனென்றால் அப்போது சூரியன் நம் தலைக்கு நேராகவோ கொஞ்சம் வடக்கிலோ இருக்கிறது. மார்கழியில் சென்னை அட்சரேகையில் உச்சி நேரத்திலேயே சூரியன் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். 10 மீட்டர் தென்னையின் நிழல் நண்பகலில் ஏழரை மீட்டர் வடக்கே விழும். காலை 9 மணிக்கு இன்னும் நீளம். ஆகவே பேனலுக்குத் தெற்கே மரம், தண்ணீர் டேங்க், மாடிப்படி மேல்கட்டு எதுவும் கிட்டத்தில் இருக்கக் கூடாது. தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றின் ஓரத்தில் ஒரு தென்னை மட்டையின் நிழல் விழுந்தாலும், அந்தப் பேனலின் மூன்றில் ஒரு பங்கு அப்படியே செத்துப்போகும். பேனலுக்கு மேலே தென்னையே இருந்தால் நிழலைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, தேங்காய் பார்த்துக்கொள்ளும்.

கட்டமைப்பில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். 540 வாட் பேனல் ஒன்று சுமார் 2.3 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம். ஆறும் சேர்ந்தால் காற்றுக்கு அது பெரிய பாய்மரம். செங்கல்லை அடுக்கி அதன்மேல் ஆங்கிளை வைத்துக் கட்டுவதெல்லாம் புயல் வராத ஊருக்குக்கூட ஆகாது. கான்கிரீட் மேடையில் போல்ட் புதைத்து, ஹாட்-டிப் கால்வனைஸ் செய்த ஆங்கிளில், நான்கு புறமும் கிளாம்ப் போட்டு முடுக்க வேண்டும். கடலோரம் என்றால் நட்டு, போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கூரைக்கும் பேனலுக்கும் நடுவே ஓரடியாவது இடைவெளி இருக்கட்டும். சூடு ஏற ஏற உற்பத்தி இறங்கும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம். கோடையில் பேனல் 60, 65 டிகிரிக்குப் போவது சகஜம், அப்போது 14 சதவீதம் வரை காணாமல் போய்விடும். அக்னி நட்சத்திரத்தைவிட மாசி, பங்குனியில் யூனிட் அதிகம் வருவதைப் பார்த்து மீட்டர் பழுது என்று நினைக்காதீர்கள்.

பேட்டரி

பழைய முறை டியூபுலர் லெட் ஆசிட். 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி நான்கு சேர்த்தால் 7.2 யூனிட் என்று பில்லில் வரும். பாதிக்கு மேல் காலி செய்தால் ஆயுள் குறையும் என்பதால் கையில் கிடைப்பது 3.6 தான். மெதுவாகத்தான் சார்ஜ் ஏறும், 150க்கு 15 முதல் 20 ஆம்பியர் அளவில். மழை நடுவே இரண்டு மணி நேரம் வெயில் அடித்தால் அந்த வெயிலை அள்ளிக்கொள்ளத் தெரியாது. டிஸ்டில்ட் வாட்டர் ஊற்ற வேண்டும், குடிதண்ணீர் ஊற்றிக் கெடுத்த பேட்டரிகள் ஏராளம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளிவரும், அதனால் காற்றோட்டமான இடத்தில், பூஜை விளக்குக்கும் அடுப்புக்கும் தள்ளி வைக்க வேண்டும்.

எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையையே இப்போது வாங்கச் சொல்வேன். 16 செல் கொண்ட 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்றில் 5.1 யூனிட், அதில் 80 சதவீதம் தாராளமாக எடுக்கலாம். நம் மாதிரி வீட்டில் மாலை 6 முதல் காலை 7 வரை ஆகும் செலவு இரண்டு யூனிட்டுக்குள். ஆக இரண்டு ராத்திரி. விலை ஒரு லட்சத்தை ஒட்டி வரும், ஊருக்கும் கம்பெனிக்கும் தகுந்தபடி மாறும். சைக்கிள் கணக்கு, அதாவது எத்தனை தடவை ஏற்றி இறக்கலாம் என்பது, 3,000, 6,000 என்று போட்டிருப்பார்கள். அதைவிட வாரன்ட்டி எத்தனை வருஷம், மாற்றித் தரும் சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். தகரக் கூரைக்குக் கீழே எந்த வகை பேட்டரியையும் வைக்காதீர்கள். 45 டிகிரி அறையில் எல்லாமே சீக்கிரம் கிழடாகிவிடும். வீட்டுக்குள் வடக்குச் சுவர் ஓரம் நல்ல இடம்.

லித்தியத்தில் ஒரு சிக்கல், வோல்ட்டைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று சொல்ல முடியாது. 80 சதவீதத்திலும் 30 சதவீதத்திலும் வோல்ட் கிட்டத்தட்ட ஒன்றுதான். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் எண்ணிச் சதவீதம் காட்டும் ஷண்ட் மீட்டர் ஒன்றை மாட்டுங்கள், அல்லது இன்வெர்ட்டரோடு பேசும் பேட்டரியாக வாங்குங்கள். அந்தச் சதவீதம் அடுப்படியில் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும், கிரைண்டர் போடுவதா வேண்டாமா என்பது அங்கேதான் முடிவாகும்.

இன்வெர்ட்டரும் வயரும்

ஈ.பி. கரண்ட் போலவே சீரான அலையாகத் தரும் சுத்த சைன் வேவ் இன்வெர்ட்டர் மட்டும் வாங்குங்கள். ஸ்கொயர் வேவில் ஃபேன் முனகும், மோட்டார் சூடேறும். பேனல் தருவதை முழுசாகப் பிழிந்து பேட்டரிக்கு ஏற்றும் எம்.பி.பி.டி. சார்ஜர் உள்ளேயே இருக்கும் 3 கிலோவாட் தனி சிஸ்டம் இன்வெர்ட்டர் நம் கணக்குக்குப் போதும். ஆனால் மோட்டாரை மறக்காதீர்கள். அரை எச்.பி. மோட்டார் ஓடும்போது 550 வாட்தான், கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். மோட்டார் போட்டதும் வீடு முழுக்க ட்ரிப் ஆகிறது என்ற புகார் இதனால்தான். பிரிட்ஜும் மிக்ஸியும் ஓடும்போது மோட்டாரைத் தட்டாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

12 வோல்ட் சிஸ்டம் மலிவாகக் கிடைக்கிறது என்று ஆசைப்பட வேண்டாம். 3,000 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் 250 ஆம்பியர், 24 வோல்ட்டில் 125, 48 வோல்ட்டில் 62. ஆம்பியர் கூடக்கூட வயர் தடிக்க வேண்டும், ஒவ்வொரு முனையும் சூடேறும் இடமாகிறது. குடியிருக்கும் வீட்டுக்கு 48 வோல்ட்தான்.

பேனலை எப்படிக் கோப்பது என்பதில் ஒரு கூட்டல் கணக்கு இருக்கிறது, அதை நீங்களே போட்டுப் பாருங்கள். பேனலின் பின்பக்க ஸ்டிக்கரில் ஓப்பன் சர்க்யூட் வோல்ட்டேஜ் என்று இருக்கும், 540 வாட் பேனலுக்குச் சுமார் 49.5. சார்ஜரின் உச்ச வரம்பு 150 வோல்ட் என்றால் மூன்று பேனலைத் தொடராகக் கோத்து 148.5 ஆக்கி, "சரியாப் போச்சு" என்பார்கள். குளிர ஆரம்பித்தால் பேனல் வோல்ட்டேஜ் ஏறும். கொடைக்கானலில் 5 டிகிரிக் காலையில் அது 156ஐத் தொடும், சார்ஜர் புகைந்துவிடும், வாரன்ட்டியும் கிடைக்காது. 150 வரம்புக்கு இரண்டிரண்டாகத் தொடர் கோத்து மூன்று வரிசையைப் பேரலலாக இணைக்க வேண்டும். வரம்பு 500 வோல்ட் உள்ள மாடல் என்றால் ஆறும் ஒரே தொடராக, 297 வோல்ட். வயர் வேலை சுலபம், ஆனால் அது ஆளைக் கொல்லும் டி.சி.

பேனலும் பேட்டரியும் இருக்கும் டி.சி. பக்கத்துக்கு டி.சி. எம்.சி.பி. (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் பிரேக்கர்) போட வேண்டும் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லிவிடுகிறேன். வீட்டு ஏ.சி. கரண்ட் (குளிர்சாதனம் இல்லை, திசை மாறி மாறி ஓடும் கரண்ட்) நொடிக்கு 100 தடவை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் சுவிட்சைப் பிரித்ததும் தீப்பொறி தானாக அணையும். டி.சி.யில் அப்படி இல்லை, பொறி வளைந்து எரிந்துகொண்டே இருக்கும். ஏ.சி. எம்.சி.பி.யை அங்கே மாட்டினால் அணைக்கப் போகும்போது பெட்டியே உருகும். சில எலக்ட்ரீஷியன்கள் கையிலிருக்கும் ஏ.சி. எம்.சி.பி.யையே மாட்டிவிட்டுப் போவார்கள். அதன்மேல் டி.சி. என்றும் உங்கள் வோல்ட்டேஜைத் தாண்டிய எண்ணும் அச்சாகியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பேட்டரிக்கு மிக அருகே 100 ஆம்பியர் ஃபியூஸ் அல்லது டி.சி. பிரேக்கர், அங்கிருந்து இன்வெர்ட்டருக்கு 25 சதுர மி.மீ. செம்பு வயர், முடிந்த அளவு நீளம் குறைவாக. இடியால் பாயும் வோல்ட்டேஜைத் தடுக்கும் எஸ்.பி.டி. இரு பக்கமும். எர்த் குழி மூன்று: பேனல் பிரேமுக்கு, ஏ.சி. பக்கத்துக்கு, இடிதாங்கிக்கு.

தண்ணீர்

தோட்ட வீட்டில் மலிவான பேட்டரி மாடியில் இருக்கும் தண்ணீர் டேங்க்தான். நான்கு பேருக்கு ஆளுக்கு 150 லிட்டர் வைத்தாலும் நாளைக்கு 600. 2,000 லிட்டர் டேங்க் இருந்தால் மூன்று நாள் மோட்டாரைத் தொட வேண்டாம். வெயில் உள்ள நாளில் 11 மணிக்கு நிரப்பிவிடுங்கள், அப்போது ஓடும் மோட்டார் பேட்டரியைத் தொடவே தொடாது.

போர் ஆழமாக இருந்தாலோ பாசனமும் வேண்டும் என்றாலோ வீட்டு இன்வெர்ட்டரில் அந்த மோட்டாரைக் கட்டாதீர்கள். தனிப் பேனல், தனிக் கன்ட்ரோலரோடு வரும் சோலார் பம்ப் செட் போடுங்கள். 1 எச்.பி.க்கு ஒரு கிலோவாட்டை ஒட்டிப் பேனல் ஆகும், பேட்டரி கிடையாது, வெயில் இருந்தால் ஓடும். மானியம் உண்மையிலேயே கிடைக்கும் இடமும் இதுதான். 2019இல் வந்த பி.எம். குசும் திட்டத்தின் கீழ் விவசாயிகளுக்குத் தனி சோலார் பம்ப் தருகிறார்கள். தமிழ்நாட்டில் வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் பட்டா, சிட்டாவோடு போய்க் கேளுங்கள்.

குடிபோன பிறகு

முதல் மாதம் வீட்டில் சண்டை வரும். மாவு அரைப்பது, துணி போடுவது, இஸ்திரி, மோட்டார் எல்லாம் 10 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே என்று வழக்கம் மாற வேண்டும். இரண்டாவது மாதம் யாரும் சொல்லாமலே அப்படி நடக்கும். பொங்கலுக்கு வரும் உறவுக்காரர்களுக்கு மட்டும் ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சொல்லித் தர வேண்டும். விருந்தாளி அறையில் பவர் பிளக் பாயின்ட் வைக்காமல் இருப்பது மரியாதைக் குறைவில்லாத வழி.

கோடையில் மதியம் பேட்டரி நிறைந்த பிறகு வரும் கரண்ட் வீண்தான். அப்போது இண்டக்‌ஷனில் குழம்பு வைக்கலாம், சிலிண்டர் கூடுதல் நாள் வரும். 3 கிலோவாட் இன்வெர்ட்டரில் அடுப்பை 1,200 வாட்டில் வைத்து ஓட்டினால் போதும்.

பேனலைக் கழுவுவது விடியற்காலையில். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை அடிக்காதீர்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கழுவியதும் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் படலம் பிடித்துக் கண்ணாடி மங்கும். மழை இல்லாத மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். காக்கை, மயில் எச்சத்தை மட்டும் விட்டுவைக்காதீர்கள், அந்த இடம் சூடேறிச் செல் கருகும்.

பூச்சி, பிராணி விஷயத்தை எந்த கம்பெனிக் கையேடும் சொல்வதில்லை. பேனலுக்கு அடியில் குளவி கூடு கட்டும், ஏணி ஏறுமுன் எட்டிப் பாருங்கள். எலி வயரைக் கடிக்கும், அதனால் டி.சி. வயர் முழுக்கக் குழாய்க்குள் போக வேண்டும். மலைப் பக்கம் குரங்கு தொங்கும் வயரைப் பிடித்து ஊஞ்சலாடும். பல்லியும் எறும்பும் வெப்பம் தேடி இன்வெர்ட்டருக்குள் குடியேறும், பல்லி சர்க்யூட் போர்டில் ஒட்டிச் செத்தால் போர்டும் சேர்ந்து போகும். காற்று போகும் துளைகளுக்கு மெல்லிய கம்பி வலை ஒட்டி, மாதம் ஒரு தடவை தூசி தட்டுங்கள்.

சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வைத்துக்கொள்வதில் கௌரவம் பார்க்க வேண்டாம். 2 கே.வி.ஏ. போதும். இன்வெர்ட்டரின் ஏ.சி. இன்புட்டில் அதைக் கொடுத்து, சார்ஜ் ஆம்பியரை 15க்குக் குறைத்து வைத்தால் ஜெனரேட்டர் திணறாது. இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஒன்றரை யூனிட் ஏறும், ஒரு ராத்திரிக்கு ஆச்சு. வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான் தேவைப்படும், ஆனால் மாதம் ஒரு தடவையாவது பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். கார்பரேட்டரில் பெட்ரோல் பிசினாகி அடைத்து, புயலன்று கயிறு இழுத்துக் கை வலிப்பதுதான் வழக்கமான கதை.

பத்து நாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதானால் பிரிட்ஜைக் காலி செய்து, அணைத்து, கதவைத் திறந்து வையுங்கள். மோட்டார் பிரேக்கரை இறக்குங்கள். பிறகு இன்வெர்ட்டரின் அவுட்புட் சுவிட்சை அணையுங்கள். பேனலும் பேட்டரியும் இணைந்தபடியே இருக்கட்டும், வெயில் அடித்தால் சார்ஜர் தானாகப் பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போவது என்றால் வரிசை முக்கியம்: முதலில் பேனல் பிரேக்கர், அப்புறம் பேட்டரி. திரும்பி வந்து போடும்போது முதலில் பேட்டரி, அப்புறம் பேனல். பேட்டரி இல்லாமல் பேனலை மட்டும் கொடுத்தால் சில சார்ஜர்கள் கெட்டுவிடும். இந்த நான்கு வரியைப் பெரிய எழுத்தில் எழுதி இன்வெர்ட்டர் பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள், தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவருக்கும் ஒரு தடவை செய்து காட்டிவிடுங்கள்.